சிவப்பு வழியில் வந்த இடக்கைத் துப்பாக்கி

எம்ப்ரெட் எதிலும் வேகமானவர் அல்லர். ஆனால், எடுத்த எதையும் அரைகுறையாக விட்டவரும் அல்லர். நார்வேயின் கிழக்கு ஓரத்தில், ஸ்வீடனை முதுகால் தொட்டுக்கொண்டு கிடக்கிற எங்கள் பள்ளத்தாக்கின் மர அறுவை ஆலையில், அவர் வாழ்நாளெல்லாம் பலகைகளைத் தரம் பிரித்தார். முடிச்சு விழுந்த பலகை ஒன்றுகூட அவர் கையைத் தாண்டி நல்ல அடுக்குக்குப் போனதில்லை என்று ஆலையில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகச் சொன்னவர்களும் உண்டு. கேலியாகச் சொன்னவர்களே மிகுதி.

அவருக்கு இரண்டு உடைமைகள் இருந்தன. ஒன்று, இடக்கைப் பழக்கம். மற்றொன்று, ஏரி ஒடுங்கும் இடத்தில் அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற வேட்டை நிலை. எங்கள் ஊரில் மூஸ் மானைத் தனியாக வேட்டையாடுவதில்லை. குழுவில் பாதிப்பேர் கூச்சலிட்டுக் காட்டுக்குள் மானை விரட்டுவார்கள். மீதிப்பேர் ஆளுக்கொரு நிலையில் துப்பாக்கியுடன் காத்திருப்பார்கள். விரட்டப்படும் மான் பெரும்பாலும் ஏரி ஒடுங்கும் இடத்தில்தான் நீரைக் கடக்கும். ஆகவே, அந்த நிலைக்கு உரியவரை ஊரே அறியும்; அதை இழந்தவரையும் ஊரே அறியும்.

இந்த இரண்டு உடைமைகளும் ஒன்றுக்கொன்று பகை. கடைகளில் விற்கும் துப்பாக்கிகள் வலக்கையருக்காகச் செய்யப்பட்டவை. தோட்டாவை மாற்றும் தாழ் வலப்பக்கம் இருக்கும். எம்ப்ரெட் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, இடக்கையை மேலே வளைத்து, அந்தத் தாழை இழுக்க வேண்டும். அதற்குள் மான் காட்டுக்குள் போய்விடும். முந்தைய இலையுதிர் காலத்தில் அப்படித்தான் நேர்ந்தது. முதல் குண்டு பட்ட ஆண்மான் ஒன்று இரண்டாவது குண்டுக்குக் காத்திராமல் சதுப்புக்குள் ஓடியது. நாயை விட்டுத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இறைச்சி கெட்டுவிட்டது.

அடுத்த கோடையில், வேட்டைக்கு முன் எல்லாரும் தேற வேண்டிய சுடும் தேர்வுக்காகக் குழுவினர் திடலில் கூடியபோது, தலைவர் ஓத்வார் அதை மறக்கவில்லை. ஓத்வார், எம்ப்ரெட்டின் மனைவி ராக்னாவுக்கு உடன்பிறந்த அண்ணன்; தச்சர்; உரத்த குரலும் அதைவிட உரத்த சிரிப்பும் உடையவர்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, எம்ப்ரெட் சுடப் போறாரு. முதல் குண்டு இன்னைக்கு வரும். ரெண்டாவது குண்டு தபால்ல வரும்."

திடல் முழுவதும் சிரித்தது.

"மச்சான், தாழ் வலது பக்கம் இருந்தா நான் என்ன பண்றது?" என்றார் எம்ப்ரெட்.

"கைய மாத்திக்க. இல்லேன்னா எடத்த மாத்திக்க. மானுக்கு நீ இடக்கையா வலக்கையான்னு தெரியாது. இந்த வருஷமும் கறி சதுப்புல அழுகுச்சுன்னா, ஏரி நிலை கைமாறும். சொல்லிட்டேன்."

அன்றுதான் எம்ப்ரெட் முடிவு செய்தார். எல்லைக்கு அப்பால், ஸ்வீடனில், வேட்டைத் துப்பாக்கிகள் மட்டுமே விற்கும் கடையொன்றில், இடப்பக்கத் தாழுடன் ஒரு துப்பாக்கி விற்பனைக்கு இருந்தது. முறைப்படி அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால், முதலில் நம் காவல்துறையிடம் வாங்கும் உரிமம் பெற வேண்டும். அதைக் காட்டினால் அங்கிருந்து வெளியே அனுப்பும் அனுமதியைக் கடைக்காரர் பெற்றுத் தருவார். பிறகு எல்லையில் சுங்கத்தாரிடம் அறிவித்து வரி கட்ட வேண்டும். எம்ப்ரெட் பலகை அடுக்குவதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கினார். கோடை முழுவதும் அதிலேயே கழிந்தது.

"ஒரு துப்பாக்கிக்கு இவ்ளோ காகிதமா? கல்யாணத்துக்குக்கூட நீ இத்தன கையெழுத்துப் போடல," என்றார் ராக்னா.

"கல்யாணத்த யாரும் எல்லையில நிறுத்திக் கேக்க மாட்டாங்கல்ல," என்றார் எம்ப்ரெட். அவர் நகைச்சுவையாகப் பேசுவது அரிது. ராக்னா அதை நெடுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி எடுக்கப் புறப்பட்ட காலையில் ஓத்வார் கேட்காமலே வண்டியில் ஏறிக்கொண்டார். "நல்ல குழல் எது, கெட்ட குழல் எதுன்னு உனக்கு யாரு சொல்றது? நானும் வர்றேன், மச்சான்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் பன்றி இறைச்சி மலிவு. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து எல்லையைத் தாண்டும் எவரும் வெறும் வண்டியுடன் திரும்புவதில்லை. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு என்பதை எல்லாரும் அறிவார்கள். அளவுக்கு மேற்பட்டதைப் போர்வையால் மூடிவிட்டுப் பச்சை வழியில் ஓட்டி வந்துவிடுவார்கள். அறிவிக்க எதுவும் இல்லாதவர்க்குப் பச்சை வழி. உள்ளவர்க்குச் சிவப்பு வழி. பாதிரியாரின் வண்டியிலும் அந்தப் போர்வை உண்டு. அதைக் கடத்தல் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

கடையில் எம்ப்ரெட் துப்பாக்கியை இடத்தோளில் வைத்து, இடக்கையால் தாழை இழுத்துப் பார்த்தார். கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவுக்கான இடம் திறந்து மூடியது. மறுபடி இழுத்தார், மறுபடியும் இழுத்தார். கடைக்காரர் பொறுமையிழந்து, "தேய்ஞ்சிடாதுங்க, வீட்டுல போய் இழுங்க," என்றார். எம்ப்ரெட்டின் முகத்தில் அப்படியொரு நிறைவை அதற்கு முன்பு எவரும் கண்டதில்லை என்று பிற்பாடு ஓத்வாரே ஊரில் சொல்லிச் சிரித்தார்.

காகிதங்களை ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு அவர் வெளியே வருவதற்குள், ஓத்வார் தம் கொள்முதலை முடித்திருந்தார். வண்டியின் பின்புறத்தில் போர்வை மேடிட்டிருந்தது.

"என்ன மச்சான் இது?"

"பன்னிக்கறி. முதல் நாள் விருந்துக்கு. குழுவுக்குத்தானே?"

"சாராயம் ஒண்ணும் இல்லையே?"

"நீ என்ன, போலீஸா? கறிதான்யா."

எம்ப்ரெட் ஏறி வண்டியைக் கிளப்பினார். உரிமத்தையும் துப்பாக்கி எண்ணையும் வரிக்கான விலைச்சீட்டையும் மும்முறை சரிபார்த்த அந்த மனிதருக்கு, போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. துப்பாக்கி சட்டத்தைச் சார்ந்தது. பன்றி இறைச்சி சாப்பாட்டைச் சார்ந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அது தோன்றியிராது.

எல்லையில், வாழ்வில் முதல் முறையாக, அவர் சிவப்பு வழியில் திரும்பினார்.

"பச்சையில போயேன்யா!" என்றார் ஓத்வார். "பெட்டிக்குள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறா?"

"காகிதம் இருக்கும்போது நான் ஏன் ஒளியணும்?"

சுங்க அதிகாரி ஓர் இளம்பெண். துப்பாக்கியின் எண்ணையும் உரிமத்தின் எண்ணையும் ஒப்பிட்டார், தாள்களைப் புரட்டினார், முகம் மலர்ந்தது.

"எல்லாரும் உங்கள மாதிரி வந்தா எனக்கு வேலையே இருக்காது, ஐயா. வண்டியில வேற ஏதாவது இருக்கா?"

"கொஞ்சம் பன்னிக்கறி," என்றார் எம்ப்ரெட் உண்மையாக.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். போர்வையைத் தூக்கியதும் சிரிப்பு நின்றது. இறைச்சிப் பொதிகளை இறக்கவைத்தார். அவற்றின் அடியிலிருந்த தரைப்பலகையை நெம்பினார். மாற்றுச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில், வெள்ளை நெகிழிக் கேன்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. ஒன்றைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சட்டென்று விலக்கினார். காப்பியில் ஊற்றிக் குடிக்க எங்கள் ஊர் விரும்பும் கள்ளச் சாராயம். மாற்றுச் சக்கரம் கடையின் பின்புறம் எங்கோ கிடந்தது.

"இது யாரோடது?"

எம்ப்ரெட் ஓத்வாரைப் பார்த்தார். ஓத்வார் ஒரு சாக்லேட்டின் காகிதத்தை மிகக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து முடித்தார். ஒரு கடி கடித்தார். காட்டைப் பார்த்தார்.

"ஐயா, கேக்குறேன். யாரோடது?"

எங்கள் பள்ளத்தாக்கில், குழுவினரைக் காட்டிக்கொடுத்தவர் பிறகு எந்தக் குழுவிலும் நின்றதில்லை. எம்ப்ரெட் அதை எண்ணியிருக்க வேண்டும். ஓத்வார் வாய் திறப்பதற்கு அவர் இன்னும் சற்று இடம் கொடுத்தார். பிறகு, "வண்டி என்னோடது," என்றார். அந்தப் பெண் அதையே பதிலாக எழுதிக்கொண்டார். துப்பாக்கிப் பெட்டியையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஓத்வார் எம்ப்ரெட்டின் தோளைத் தட்டினார். "பெரிய மனுஷன்யா நீ, மச்சான். குழு இத மறக்காது."

தண்டத்தை எம்ப்ரெட் கட்டினார். அது வலிக்கவில்லை. அடுத்து வந்ததுதான் வலித்தது: கள்ளச் சாராயம் கடத்தியவர் துப்பாக்கி வைத்திருக்கத் தக்க நம்பகமானவர் அல்லர் என்று காவல்துறை முடிவு செய்தது. புதிய துப்பாக்கி மட்டுமன்று, பழைய துப்பாக்கியும் போயிற்று. உரிமம் உள்ள எவருக்காவது இரண்டையும் விற்றுவிடும்படி கெடு வைத்தார்கள்.

"போலீஸ்ல போய் உண்மையச் சொல்லு," என்றார் ராக்னா. "அவன் என் அண்ணன்தான். இருந்தாலும் சொல்லு."

"சொன்னா அவர் துப்பாக்கியும் போகும், குழுவும் கலையும். அப்புறம் இந்த ஊருல நம்ம கதவ யாரு தட்டுவா?"

"இப்ப யாரு தட்டுறா?"

 குழு மறக்காது என்று ஓத்வார் சொன்னதை எம்ப்ரெட் நம்பிக்கொண்டிருந்தார். ஓராண்டு, ஈராண்டு நிலையைக் காலியாக வைத்திருப்பார்கள். அதற்குள் உரிமம் திரும்பக் கிடைத்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்.

வேட்டைக்கு முந்தைய கூட்டத்தில் நிலைகளைப் பகிர்ந்தார்கள். ஏரி நிலையின் முறை வந்தபோது ஓத்வார் தொண்டையைக் கனைத்தார்.

"துப்பாக்கி இல்லாதவருக்கு நிலை கிடையாது. அது விதி. நான் தலைவன், சொந்தக்காரன்னு பாத்து விட்டேன்னா ஊரு சிரிக்கும். ஏரி நிலை தோராவுக்கு."

தோரா அவருடைய மகள். அந்த ஆண்டுதான் குழுவில் சேர்ந்தவள். எங்கள் பள்ளத்தாக்கில் எம்ப்ரெட்டைத் தவிர்த்தால் இடக்கையால் சுடும் ஒரே ஆள்.

எம்ப்ரெட் எழுந்தார். "மச்சான்... அந்தக் கேனு..."

"எந்தக் கேனு?"

அறையில் இருந்த அனைவரும் அந்தக் கேன்களின் விலையில் பங்கு போட்டவர்கள். ஒருவர் தம் காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

"உக்காருங்க, எம்ப்ரெட்," என்றார் மற்றொருவர். "விரட்டுறதுக்கும் ஆள் வேணும்ல? உங்க தொண்டை நல்ல தொண்டை. சாராயம் குடிச்சுப் பழகுன தொண்டை."

சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

இடப்பக்கத் தாழ் உள்ள துப்பாக்கியை வலக்கையர் எவரும் கேட்கவில்லை. கெடு முடியும் நாளன்று ஓத்வார் மகளுக்கென்று உரிமம் எடுத்து, பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். எம்ப்ரெட் அடுக்கிவைத்த அதே காகிதங்களோடு, எல்லாம் முறைப்படி, அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. தோரா தீயவள் அல்லள். நன்றி சொல்ல வீட்டுக்கே வந்தாள்.

"என்னமா இழுக்குது, மாமா! வெண்ணெயில கத்தி போற மாதிரி. இதுக்கு எந்த எண்ணெய் போடணும்னு சொல்லுங்களேன்."

எம்ப்ரெட் சொன்னார். குளிரில் உறையாத எண்ணெய் எது, எத்தனை சொட்டு, எந்தத் துணி என்பதையும் சேர்த்துச் சொன்னார். ராக்னா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

வேட்டை தொடங்கிய காலையில் பனி மூடியிருந்தது. எம்ப்ரெட் செம்மஞ்சள் தொப்பியணிந்து, வெறுங்கையுடன், கூச்சலிட்டுக்கொண்டே காட்டுக்குள் நடந்தார். மான் எந்தச் சரிவில் படுக்கும், எந்தப் பக்கம் கலைத்தால் எங்கே ஓடும் என்பதை அவரைப் போல் அறிந்தவர் எவரும் இலர். அரைகுறையாக விரட்டவும் அவருக்குத் தெரியாது. பெரிய ஆண்மான் ஒன்று எழுந்து, அவர் நினைத்த தடத்திலேயே, ஏரி ஒடுங்கும் இடத்தை நோக்கி இறங்கியது.

இரண்டு வெடிகள் கேட்டன. இரண்டுக்கும் இடையே மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. எம்ப்ரெட் நின்றுவிட்டார். குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ள இடுப்பில் மாட்டியிருக்கும் வானொலிக் கருவியில் ஓத்வாரின் குரல் கரகரத்தது: "விழுந்துடுச்சு! பாத்தியா மச்சான், ரெண்டாவது குண்டு தபால்ல வரல!"

மாலையில் கொட்டகையில் இறைச்சியைக் குவியல் குவியலாக வைத்தார்கள். எங்கள் வழக்கம் இது: ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார், மற்றொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார், பாராதவர் ஒரு பெயரைச் சொல்வார். முதுகு காட்டிச் சொன்ன சொல் மாறாது. அதனால்தான் எங்கள் ஊரில் இறைச்சிக்காகச் சண்டை வந்ததில்லை.

"எம்ப்ரெட்டே திரும்பி நிக்கட்டும்," என்றார் ஓத்வார். "நம்பகமான ஆளு!"

எம்ப்ரெட் சுவரைப் பார்த்து நின்றார். ஓத்வார் ஒவ்வொன்றாகத் தொட்டார். எம்ப்ரெட் பெயர் பெயராகச் சொன்னார். ஓத்வாரின் பெயரையும் சொன்னார், தோராவின் பெயரையும் சொன்னார். கடைசிக் குவியல் மட்டும் மிஞ்சியது. சொல்லப்படாத பெயரும் ஒன்றே மிஞ்சியிருந்தது.

"இது யாருக்கு?"

எம்ப்ரெட் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துச் சொன்னார்:

"என் வண்டியில கேன் வச்சவருக்கு."

நாய்கள் எலும்பைக் கடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. தோரா தந்தையைப் பார்த்தாள். ஓத்வாரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் எம்ப்ரெட் அத்தனை மாதங்கள் காத்திருந்தார்போலும், மெல்லத் திரும்பினார்.

அதற்குள் ஓத்வாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதுகு காட்டிச் சொன்ன சொல்லு மாறாது!" என்றார். "எனக்கு ரெண்டு பங்கு. தோரா, இதையும் வண்டியில ஏத்தும்மா. மாமா ஆசையா குடுக்குறாரு."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். தோரா தயங்கினாள்; பிறகு குனிந்து, குவியலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வண்டியின் பின்கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

எம்ப்ரெட் தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, ஓத்வார் வாசல்வரை வந்து வானொலிக் கருவியை அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கும் காலைல அதே நேரம். கீழச் சரிவுலேர்ந்து விரட்டணும். உன்ன விட்டா ஆளு இல்ல, மச்சான்."

எம்ப்ரெட் எடுத்த எதையும் அரைகுறையாக விட்டவர் அல்லர். மறுநாள் காலை எல்லாருக்கும் முன்பாக வந்து, கீழச் சரிவில் நின்றார்.