மோடத்துக்குள் இருந்த பெயர்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் டேப்லெட் தானாகவே அப்டேட் ஆனது. அதன் பிறகு வீட்டு வைஃபையோடு சேர மறுத்தது. பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். அதே வைஃபையில் என் போன் நன்றாக ஓடியது.

மாலை நான்கு மணிக்கு எனக்கு வகுப்பு. செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். முன்பு அங்கே தங்கியிருந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் ஊர் திரும்பிய பிறகும் வீடியோவில் என்னிடம் தமிழ் படிக்கிறார். நோட்டில் எழுதியதைத் தூக்கிக் காட்டுவார். போனின் சின்னத் திரையில் அவருடைய ளகரமும் னகரமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

டேப்லெட்டை அணைத்துப் போட்டேன். மோடத்தையும் அணைத்துப் போட்டேன். பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. மதியம் சாப்பிட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது என் பழைய தோழியின் நினைவு வந்தது.

இருபது வருடங்களுக்கு முன்பு நானும் அவளும் இதே சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தோம். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவாள். ஆறு கம்ப்யூட்டருக்கு ஒரே லைன். அது போய்விட்டால், பாதி எழுதிய கடிதத்தோடு வெள்ளைக்காரர்கள் எங்களையே பார்ப்பார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பேன். அவள் மேசைக்கடியில் தவழ்ந்துபோய் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்ப்பாள். வெளியே வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. லைன் வந்ததும் ஒரு தேங்காய் பன்னை இருவரும் பிய்த்துத் தின்போம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டாள். இப்போது அடி அண்ணாமலையிலேயே கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறாள். கூப்பிடு தூரம்தான், ஆனால் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும், இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லெட்டைச் சேர்க்கச் சொன்னாள். உடனே சேர்ந்தது. ஆனால் வீட்டுக்குள் சிக்னல் கம்மி, வீடியோ தாங்காது.

"டேப் நல்லாதான் கீது. மோடம்தான் அத உள்ள விட மாட்டேங்குது. யாராரு வரலாம்னு லிஸ்ட் எதனா போட்டு வெச்சிருக்கியா?"

வைத்திருந்தோம். சந்தில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு தெரிந்துபோனபோது, நாங்கள் பதிந்த கருவிகளை மட்டும் ஏற்கும்படி என் கணவர் மோடத்தை மாற்றியிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அப்டேட்டுக்குப் பிறகு டேப்லெட் தன் எண்ணை மறைத்து வேறொன்றைச் சொல்கிறது, அதனால் மோடத்துக்கு ஆள் தெரியவில்லை என்று விளக்கினாள். பட்டியலில் புது எண்ணைச் சேர்த்தால் போதும்.

போனில் பட்டியலைத் திறந்தேன். பத்து இடமும் நிறைந்திருந்தது. மாடியில் தங்கியவர்களின் கருவிகளுக்குக் கணவர் தன் பாணியில் பெயர் போட்டிருந்தார். 'பிரெஞ்சு தாத்தா': ஈர வேட்டியைக் குரங்கு தூக்கிப் போகாமல், காயும்வரை பக்கத்திலேயே நின்றவர். 'நாய்க்குட்டி டாக்டர்': தெருக் குட்டிகளுக்குப் பால் ஊற்றிய மருத்துவ மாணவி. என் மகள் கல்லூரிக்குக் கொண்டுபோன லேப்டாப். ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன.

"போனவங்கதானேடி. ஒன்ன எடுத்துட்டு இத போடு."

"மனசு வரல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ வுடு. டேப்ல வைஃபை பேர அமுக்கு. அதுலயே சொந்த நம்பர சொல்ற மாதிரி மாத்திரலாம்."

மாற்றினேன். இணைந்தது. மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. நன்றி சொல்லி வைத்திருக்கலாம், இருவருமே வைக்கவில்லை. அவளுக்கு முட்டி வலியாம், மாமியார் போய்விட்டாராம். எனக்குத் தெரியாமலே இவ்வளவு நடந்திருந்தது. வகுப்பு கால் மணி தாமதமாகத்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். மதியம்வரை சென்டர் கதைதான். அங்கே வந்தவர்களில் பாதிப் பேரை ஞாபகப்படுத்திவிட்டோம். முதலாளியின் பெயர் மட்டும் இருவருக்கும் வரவேயில்லை.