கட்டைவிரல் நகம்

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய வலது கட்டைவிரல் நகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சுரங்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நகக்காரி' என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அவள் என் கொழுந்தனின் மனைவி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே கொட்டகையில் வேலை. ஒருத்தி வயிறெரிய இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

எங்கள் மலையில் கிடைப்பது மைக்கா என்கிற காக்காப்பொன். குழிக்குள் ஆண்கள் வெடி வைத்துப் பாறையை உடைப்பார்கள். மேலே கொட்டகையில் பெண்கள் நாங்கள் பிரிப்போம். மைக்கா கட்டி கட்டியாக வரும். உள்ளே ஏடு ஏடாக இருப்பதால் அந்தக் கட்டியைப் 'புத்தகம்' என்போம். ஏடு கிழியாமல், கீறல் விழாமல் பிரித்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, சொல்வதற்கு. இஸ்திரிப் பெட்டிக்குள்ளேயும், பழைய காலத்து அடுப்புக் கதவிலும் கண்ணாடி போல ஒரு தகடு இருக்குமே, அது எங்களைப் போல யாரோ ஒருத்தி பிரித்துக் கொடுத்தது. என் மாமனாரின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் மலை கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் துணியை உதறினால் இன்றைக்கும் தரை மினுங்கும்.

ஏட்டைத் திறக்கக் கத்தியும் உண்டு, நகமும் உண்டு. கத்திக்கு ஏட்டின் கனம் தெரியாது, நகத்துக்குத் தெரியும். அதனால் கெட்டிக்காரப் பெண்கள் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து, பாறைத் துண்டில் தேய்த்து ஓரத்தைச் சீராக வைத்துக்கொள்வார்கள். என் நகம் பிறவியிலேயே மெலிசு. கொஞ்சம் வளர்ந்ததும் பட்டென்று ஒடிந்துவிடும். எண்ணெய் தடவிப் பார்த்தேன், துணி சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கத்திதான்.

அவளைக் கொட்டகையில் சேர்த்துவிட்டது நான். கல்யாணமாகி வந்த புதிதில், "வீட்டுல சும்மா இருக்க முடியலக்கா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். பாவமே என்று மேலாளரிடம் கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் அடுத்த குழியில் வெடி வைக்கிறவரின் மகள் என்பதும், ஆறு வயதிலிருந்தே கழிவு மேட்டில் உட்கார்ந்து துண்டு மைக்காவை நகத்தால் பிரித்து விளையாடியவள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரே வாரத்தில் அவள் பக்கத்தில் ஏடுகள் குவிந்தன. என் பக்கத்தில் என் பெருமூச்சு குவிந்தது.

ஜன்னலோரம் வெளிச்ச மேஜையில் உட்கார்ந்து ஏடுகளின் தரம் பார்க்கும் பெரியவருக்கு வாய்க் கொழுப்பு ஜாஸ்தி. "கத்தியம்மா, உன் ஓரகத்தி பக்கத்துலதானே உக்கார்ற? கொஞ்சம் ஒட்டிக்கக் கூடாதா?" என்பார். கொட்டகையே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். குனிந்து வேலையைப் பார்ப்பாள். சிரித்திருந்தால் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டிலும் அதே கதை. "அவ நகம் போயிடும்மா, பாத்திரத்தை நீயே தேச்சுடு" என்பார் மாமியார். பூண்டு உரிப்பது நான், கயிறு அவிழ்ப்பது நான், சாக்கடை குத்துவது நான். மகாராணி காய் நறுக்குவதோடு சரி. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். அவள் தன் பங்கையும் என் பங்கையும் பிரித்து, என் குவியலில் என் பெயர் எழுதிய சீட்டை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாலு நாள்தான் என் சீட்டுக்கு முதல் தரம் கிடைத்தது. நன்றியா வந்தது எனக்கு? பற்றிக்கொண்டு வந்தது.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. அப்போதுதான் பெரியவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. வெளிச்ச மேஜை காலி. அந்த மேஜைக்கு முதுகு சாய நாற்காலி உண்டு. கையில் கீறல் விழாது. மலையிலிருந்து எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று சொல்கிற இடம் அது. இருபத்திரண்டு வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி.

அதே மாதம் குழியிலிருந்து ஒரு புத்தகம் ஏறியது. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அப்போது சுரங்கத்தின் பழைய விளக்குகள், உளிகள், கனிமக் கற்கள் எல்லாவற்றையும் வைத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்சி அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இதை நடுவுல ரெண்டாப் பிரிக்கணும். ரெண்டு பாதியும் காட்சி அறை ஜன்னல்ல நிக்கப் போகுது. கத்தியம்மா சீனியர், நாளைக்கு அவங்க முதல்ல பாக்கட்டும். முடியலன்னா நகக்காரி. யாரு முழுசாத் திறக்கறாங்களோ அவங்களுக்குத்தான் மேஜை."

என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவளால் முடியும் என்று ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அடுப்பில் பால் இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் துருப்பிடித்து மூடி இறுகிப்போன ஒரு தகர டப்பா கிடந்தது. "சர்க்கரை அதுலதான் இருக்கு, திற. என் கையெல்லாம் மாவு" என்றேன். அவள் ஸ்பூனைத் தேடினாள். ஸ்பூனை நான் முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். "பால் பொங்குது, சீக்கிரம்!" என்று கத்தினேன். பதறிப்போய்க் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பிவிட்டாள். நகம் சதையோடு பெயர்ந்தது.

தெரிந்துதான் செய்தாயா என்றால், ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

அவள் கத்தவில்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "காலியா இருக்குக்கா" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பால் பொங்கவில்லை, ஆவிகூட வரவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். கொழுந்தன் கேட்டபோது, "கதவுல நசுங்கிடுச்சு" என்றாள்.

மறுநாள் கொட்டகையில் எல்லோரும் அந்தப் புத்தகத்தைச் சுற்றி நின்றார்கள். நான் புத்தகத்தின் நடு ஏட்டைப் பார்த்துக் கத்தியை வைத்தேன். இரண்டு விரல் ஆழம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு சரக்கென்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி என்னைப் பார்த்து வந்தது. இன்னொரு அழுத்து அழுத்தினால் புத்தகம் துண்டாகும். கத்தியை எடுக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

"அக்கா, கத்தியை எடுக்காதீங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க" என்று அவள் குரல் கேட்டது. எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். கத்தி திறந்து வைத்திருந்த இடுக்கில், நகமில்லாத அந்தக் கட்டைவிரலை அப்படியே நுழைத்தாள். வெறும் சதை. மைக்கா ஏட்டின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, வெடிப்பைச் சுற்றி வளைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நான் மூச்சு விடாமல் கத்தியைப் பிடித்திருந்தேன். புத்தகம் இரண்டாகப் பிரிந்து பலகைமேல் சாய்ந்தது. ஏட்டின்மேல் வழிந்திருந்த ரத்தத்தை அவளே துணியால் துடைத்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் மட்டும் தயங்கினார். "நகக்காரிதான் முடிச்சது. ஆனா ஆரம்பிச்சது கத்தியம்மா, சீனியரும் அவங்கதான். அவங்க விட்டுக் கொடுத்தாத்தான் மேஜை நகக்காரிக்கு. என்ன கத்தியம்மா?"

ஒரு வார்த்தை, 'முடியாது' என்று சொன்னால் நாற்காலி எனக்கு. நாக்கு நுனி வரை வந்தது. அவள் விரலைத் துணிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணி நனைந்துகொண்டிருந்தது.

"அவளே உக்காரட்டும்" என்றேன். சொன்ன மறுகணமே சொல்லியிருக்க வேண்டாமே என்றிருந்தது.

கொட்டகை முழுக்க ஒரே பாராட்டு. "இந்தக் காலத்துல எந்த ஓரகத்தி இப்படி விட்டுக் கொடுப்பா!" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரியவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என் பக்கத்தில் வந்து, நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கக்காவுக்குப் பெரிய மனசு."

குத்திக் காட்டுகிறாள் என்று வெடுக்கென்று திரும்பினேன். அப்படி இருந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பேன், என் பாரமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.