சாமைக் கொல்லையில் நட்ட சவுண்டல்

கல்வராயன் மலைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை நான் இரண்டு வருடம் பார்த்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. "நல்ல அனுபவமா இருந்திருக்குமே" என்பார்கள். அனுபவம்தான். ஒரு பொம்பளையின் நிலத்தை அடுத்தவன் கையில் பிடித்துக் கொடுத்த அனுபவம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு கிடந்தேன். அப்பாவும் அண்ணனும் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தார்கள். பம்பாயில் ஒரு சங்கம். வெளிநாட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளைகளை அழைத்து வந்து மூன்று நாள் மலையேற்றம், பிறகு ஒரு வாரம் ஊர்ச்சேவை என்று நடத்துகிறவர்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பம்பாய்க்காரர். தமிழில் "வணக்கம்" மட்டும் தெரியும். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும் என்று கச்சிராயபாளையத்தில் கிளம்பும்போது சட்டம் போட்டார். மூன்றாவது மேடு ஏறுவதற்குள் ஏழு பைகள் வழிகாட்ட வந்த மலைக்காரர்களின் தலைக்குப் போய்விட்டன. அவர்கள் காலில் செருப்புக்கூட இல்லை. ஒருவரின் பாதத்தில் இருந்த வெடிப்பைப் பார்த்து ஒரு பையன் பதறிப்போய் பிளாஸ்திரி ஒட்டினான். நாலு எட்டு வைத்ததும் அது கழன்று பாறையில் ஒட்டிக்கொண்டது.

"இன்னாபா, உங்க ஊட்டு மாப்பிள்ளைங்களா இவங்க? இந்தத் தாங்கு தாங்கறீங்க" என்றார் அந்த மலைக்காரர் என்னிடம்.

"சேவை செய்ய வந்திருக்காங்க."

"யாருக்கு? நாங்கதான செஞ்சிக்கினு இருக்கோம்."

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

மேலே ஒரு சின்ன ஊர். ஊர்ப் பிள்ளைகள் கூரைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு பள்ளிக்கூட அறை கட்டுவதாகத் திட்டம். செங்கல்லும் சிமெண்டும் லாரியில் வரவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள், உப்பும் மண்ணெண்ணெயும் சுமந்துகொண்டு கீழே இருந்து ஏறி வந்த ஒருவர் சொன்னார்: "லாரி கீரி ஒண்ணும் வராது. ரோடு பூரா புளியமரம் சாஞ்சி கெடக்குது."

சாலை மறியல் தொடங்கியிருந்தது. இடஒதுக்கீட்டில் எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று எங்கள் ஜனங்கள் சாலையில் இறங்கிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றார். போலீஸ் வந்திருக்கிறது என்றார். எங்கள் கரும்பு வெட்டுக்கு வருகிறவர் அவர்; என் அண்ணன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

நான் தலைவரிடம் போய் ஊருக்குப் போகவேண்டும் என்றேன். முகாம் முடியும்வரை இருப்பதாக ஒத்துக்கொண்டுதானே வந்தாய் என்றார். அப்போது பக்கத்தில் இருந்த ஒரு பெண், கீழே மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் பதில் சொல்லிவிட்டார். ஏதோ உள்ளூர் அரசியலாம், அவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாதாம். என் அப்பா மூன்றாம் வகுப்பு. என் அண்ணன் எட்டாவது. எங்கள் தெருவில் அரசாங்க வேலையில் ஒருத்தர் இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஜாம் டப்பாவைத் திறந்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தேன்.

செங்கல் வரவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கடைக்காலில் மழைத் தண்ணீர் நின்றது. வந்திருந்த பிள்ளைகள் மூன்று நாள் சீட்டு ஆடினார்கள். இவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்பினால் அவர்கள் மனசு விட்டுவிடுவார்கள் என்று தலைவருக்குக் கவலை. ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை ஒன்று இருந்தது. பாலிதீன் பைகளில் சவுண்டல் கன்றுகள் நடுவதற்கு ஆள் இல்லாமல் நின்றன. சூபாபுல் என்று அதிசய மரம்போல அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் நட்டார்களே, அதேதான். பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஃபாரஸ்ட் கார்டு சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார். எங்கே நடுவது என்று கேட்டதற்கு, "அதோ அந்த மொட்டைச் சரிவுல நடச் சொல்லுப்பா" என்று கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு பேரும் கடப்பாரையோடு அந்தச் சரிவில் இறங்கினார்கள். நாலு குழி தோண்டியிருப்பார்கள். இடுப்பில் அரிவாளோடு ஒரு பெண் ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏம்பா, இன்னாத்துக்கு இங்க குழி எடுக்கறாங்க? இது என் கொல்லை."

"கரம்பாத்தானம்மா கெடக்குது."

"கரம்பு இன்னா கரம்பு? ரெண்டு வருசம் சாமை வெதச்சேன். இந்த வருசம் ஆறப் போட்டிருக்கேன். வர்ற ஆடிக்கு வெதைக்கணும். எனக்கு இருக்கறதே இதான். சொல்லு அவுருகிட்ட."

மலையில் மண் ஆழம் கிடையாது. இரண்டு வருடம் விதைத்தால் ஒரு வருடம் விட்டுவிடுவார்கள். புல் மண்டிக் கிடக்கும். கீழே இருந்து போகிறவன் கண்ணுக்கு அது தரிசு. எனக்கு விவரம் தெரியும். குத்தகைக்காரன் மகன், நிலம் ஓய்வெடுப்பது எனக்குத் தெரியாதா?

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணனைப் போலீஸ் அடித்திருக்குமோ என்று எனக்கு ஒரே யோசனை. இது ஒரு நாளில் முடிந்தால் மறுநாள் கீழே இறங்கலாம். உண்மையைச் சொன்னால் பேச்சு வளரும், வேறு இடம் தேட வேண்டும், இன்னும் இரண்டு நாள் போகும். இன்னொரு நினைப்பும் இருந்தது. சொல்ல வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். இந்த மலைக்காரியிடம் பட்டாவா இருக்கிறது என்று நினைத்தேன்.

மரம் நடுவது நல்லது என்று அந்த அம்மா சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

தலைவர் முகம் மலர்ந்து அவளைக் கும்பிட்டார். அவள் ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொன்னாரு?"

"ஓரத்துல மட்டும் நடறாங்களாம்."

இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் நம்பினாள். ஒரு பெண்பிள்ளை கடப்பாரையைத் தப்பாகப் பிடித்துக் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்ததும், "அடக் கெரகமே, இப்டிப் புடி" என்று வாங்கி, தானே ஒரு குழி தோண்டிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் சரிவு முழுக்கக் கன்று நின்றது. ஒவ்வொன்றிலும் நட்டவர் பெயர் எழுதிய தகட்டுச் சீட்டு தொங்கியது. சுற்றி முள்வேலி போட்டு, நாடுகளின் கொடிகள் வரைந்த பலகை ஒன்றையும் நட்டார்கள். நான் அவள் கண்ணில் படாமல் கூடாரத்துக்குள் இருந்துகொண்டேன்.

ஊருக்கு வந்தேன். அண்ணன் தலையில் கட்டோடு படுத்திருந்தான். எங்கள் தெருவில் இருந்து பலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கோபத்தில் மலையை மறந்தே போனேன்.

அடுத்த ஆடியில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மலையில் இருந்து நடந்து, பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். முந்தானையில் விதைச் சாமை மூட்டை.

"ஆடிக்குப் புடுங்கிப் போட்டுக்கலாம்னு இருந்தேன். கொல்லையில ஏர் கட்டப் போனேன். கார்டு வந்து நிக்கறாரு. மரத்த ஒடச்சா கேஸுன்றாரு. இந்த எடம் நடவுக் கணக்குல ஏறிடுச்சாம். நீ ஓரத்துலனுதான சொன்ன?"

உள்ளே இருந்து அண்ணன் எழுந்து வந்தான். அவளை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நம்மள ஒருத்தனும் கேக்கலன்னு நாங்க ரோட்டுல படுத்து ஒதை வாங்கிக்கினு இருந்தோம். நீ மேல போயி இந்த வேலையா பண்ணிக்கினு இருந்த? தூ."

அண்ணன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

அவளுக்குச் சோறு போட்டோம். அவள் சாப்பிடவில்லை. தலைவருக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். நடந்தது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே சங்கத்தின் பத்திரிகை. அட்டையில் அந்தச் சரிவு. கடப்பாரையோடு அவள் சிரிக்கிற போட்டோ. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: புரட்டாசியில் அடுத்த குழு வருகிறது, நானும் வரவேண்டும். என் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஆடி போய்விட்டது. அந்த வருடம் அவள் விதைக்கவில்லை.

புரட்டாசியில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளுக்காகப் பேச வேறு எவன் இருந்தான்? இந்த முறை பதினான்கு பேர். போன வருடக் குழு நட்ட தோப்பைப் பார்ப்பதுதான் மலையேற்றத்தின் கடைசி நிகழ்ச்சி. வழியெல்லாம் தலைவர் தோப்புப் புராணம் பாடிக்கொண்டே வந்தார். சரிவுக்கு வந்து சேர்ந்தபோது வேலியின் படல் திறந்து கிடந்தது. உள்ளே நாற்பது ஆடாவது இருக்கும். சவுண்டல் தழை என்றால் ஆட்டுக்கு உயிர். ஆள் உயரக் கன்றுகளைப் பின்னங்காலில் நின்று வளைத்து வளைத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒரு கிடா பெயர்ச் சீட்டையும் சேர்த்து மென்றது. ஆடு வளர்க்கிற ஊரில் ஆட்டுத் தீனியை நட்டுவிட்டுப் போயிருந்தோம்.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். கேமராவை எடுத்தார்கள். தலைவர் மட்டும் கத்தினார். கார்டும் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யார் ஆடும்மா இதெல்லாம்?"

"ஊரு ஆடு. ஆட்டு மேல கேஸ் போட்டுக்கங்க" என்றாள் கொல்லைக்காரி. பாறைமேல் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கார்டு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு நட்ட கணக்கு இருக்குது. மேஞ்ச கணக்கு எவன் கேக்கறான்" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

நான் முன்னால் இருந்த ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவது என்ற வெறி.

"கைய எடு" என்றாள் அவள். "நீ புடுங்கிட்டுக் கீழ போய்டுவ. கேஸு எம்மேலதான் வுழும். உனக்குத் தெரிஞ்ச வேலையப் பண்ணு. நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு."

எழுந்து பதினான்கு பேருக்கும் முன்னால் வந்து நின்றாள். அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இது என் கொல்லை. எங்க மாமனார் காலத்துல இருந்து எங்க கொல்லை. போன வருசம் வந்தவங்க என்னியக் கேக்காம நட்டாங்க. இந்த வருசம் என் வூட்ல சாமை இல்ல. என் புள்ளைங்களுக்கு நான் இன்னா ஆக்கிப் போடறது? உங்க வூட்டு அடுப்புல எவனாவது வந்து மரத்த நட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

போதும் என்று தலைவர் என் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

"அன்னிக்கே நான் சொன்னேன். இதோ நிக்கறானே, இவன்தான் மாத்திச் சொல்லிட்டான். அதையும் சொல்லு."

சொன்னேன். இந்த அம்மா சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன், பொய் சொன்னேன் என்று சொன்னேன். யாரும் கேமராவைத் தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தலைவரிடம் இது உண்மையா என்று கேட்டான். இங்கே சாதிப் பிரச்சினை இருக்கிறது, இந்த ஆள் அதில் சம்பந்தப்பட்டவன், உணர்ச்சிவசப்படுகிறான் என்றார் தலைவர். அந்தப் பதிலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு வருடம் முன்பு உள்ளூர் அரசியல் என்று என் வாயை அடைத்த அதே ஆள்.

படலை மூடிக் கட்டச் சொன்னார் தலைவர். இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் நகரவில்லை. கட்டப் போனவர்களும் முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று மாலையே என் பையை எடுத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன்.

அடுத்த வருடம் அவள் ஏர் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. சவுண்டல் லேசில் சாகாது. ஆடு கடித்த கட்டையெல்லாம் மறுபடி துளிர்த்து, வேர் ஏரை மறித்தது. ஆனி மாதம் நான் போய் வேர் தோண்டினேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடப்பாரை கிடந்த இடத்தை மட்டும் காட்டினாள். நாலாவது நாள்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்க ரோட்டுல படுத்துக் கேட்டீங்களே, கெடச்சுதா?"

"கொஞ்சம் கெடச்சுதுக்கா."

"கேக்கறதுக்கு உங்களுக்கு ரோடு இருந்துச்சு" என்றாள். பிறகு என் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆழமா எடு. அடிவேர் அப்டியே இருக்குது."