அசல் இல்லாத படம்

மாவட்ட ஓவியக் கண்காட்சி விதி நான்கு: "மூலப் படைப்புகள் மட்டுமே ஏற்கப்படும், நகல்கள் நிராகரிக்கப்படும்." அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என்னைத் தேர்வுக் குழுவில் போட்டதே இதைக் காக்கத்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த கவிதா ஒரு ஸ்கிரீன் பிரிண்டை நீட்டினார். மரமில்லை, மனிதரில்லை, ஆரஞ்சும் நீலமுமாக இரண்டு பட்டைகள். கீழே பென்சிலில் 3/10.

"பத்துல மூணாவதுன்னா நகல்தானேம்மா? அசல் எங்க?"

"தனியா அசல்னு இல்லீங்க சார். மரச்சட்டத்துல துணி கட்டி, ஒவ்வொண்ணா கையாலதான் மை இழுக்கறேன். பத்துமே அசல்தான்."

"அது எப்படிம்மா?"

"உங்களுக்கு எத்தினி பசங்க சார்?"

"ரெண்டு."

"சின்னவரு நகலுங்களா?"

பக்கத்திலிருந்த உறுப்பினர் சிரித்துவிட்டார். கவிதா சிரிக்கவில்லை. "இங்க மாட்டலைன்னா, இந்த வேலையே வேணாம்னுடுவாங்க சார் வீட்ல."

படத்தைப் பார்த்தேன். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில், அவர் ஊற்றாத மூன்றாவது நிறம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் எழுந்தால் மேலிடத்தில் தெளிவுரை கேட்கலாம். பதில் வரும்வரை படைப்பைத் தற்காலிகமாக அனுமதிக்கலாம் என்கிறது விதி ஒன்பது. உடனே எழுதினேன். படத்தை வாசலுக்கு நேராக மாட்டச் சொன்னேன். பணிக்காலம் முழுவதும் தாமதத்தைத் திட்டியவன், அன்றுதான் அதை நம்பினேன்.

கண்காட்சி கார்த்திகை தீபத்தோடு முடிந்தது. "நகலே, அனுமதிக்க வேண்டாம்" என்ற பதில் பங்குனி உத்திரத்தன்று வந்தது.