தேத்தண்ணிக்குப் போகாத தலையிடி

காத்தான்குடியில் அந்த ஒழுங்கையின் வீடுகள் முழுக்க ஆசியா உம்மாவின் வாய்க்குப் பயம். நோன்பு மாதம் வந்தால் வாசலில் மேசை போட்டு றோல்ஸும் கட்லட்டும் விற்பார். விற்கும்போதே கேட்காதவர்களுக்கும் வைத்தியம் சொல்லிவிடுவார். நோன்பில் வரும் தலையிடிக்கு அவரிடம் ஒரே மருந்துதான்: நோன்பு துறக்கிற பாங்கு சொன்னதும் சாயம் கூடின தேத்தண்ணி.

மகள் நிஸ்றாவுக்கு எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. மருமகன் றிஷாட்டுக்குக் கட்டார் நாட்டில் வேலை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் நிஸ்றாவின் கையில் பட்டி கட்டிப் பார்த்துவிட்டு, "பிறசர் கொஞ்சம் கூடிட்டு. இந்த முறை நோன்பு வேணாம். தலையிடிச்சா, கண்ணுக்க மின்னினா, உடனே வாங்க" என்று சொல்லியிருந்தார். "ஓம் மிஸ்" என்று தலையாட்டிய ஆசியா உம்மா, வீட்டுக்கு வந்ததும் சிரித்தார்.

"நான் நாலு புள்ளையையும் நோன்போடதான் சுமந்த. எனக்கு எந்த மிஸ் பிறசர் பார்த்த?"

 மறுநாள் முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நிஸ்றா எழும்பி வந்து உட்கார்ந்தாள். நோன்பு பிடி என்று உம்மா சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாதி நோன்பு கழிந்திருந்தது. ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிஸ்றா தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். முகம் ஊதியிருந்தது. "தேத்தண்ணி குடிச்சாப் போயிரும் மகள்" என்றார் உம்மா.

பாங்கு சொன்னது. நிஸ்றா குடித்தாள். போகவில்லை. இன்னொரு கோப்பை கொடுத்தார். குடித்ததை அப்படியே வாந்தியெடுத்தாள்.

"உம்மா, லைட்டச் சுத்தி மின்னுது."

 மிஸ் சொன்ன அதே சொல். ஆசியா உம்மா ஆணியில் கிடந்த அபாயாவை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எல்லோரும் நோன்பு துறக்கிற நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. பக்கத்து வீட்டு மஜீடின் கதவை இரண்டு கையாலும் அடித்தார். மஜீட் கஞ்சிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓட்டோவை எடுத்தான். அவரை ஏற இறங்கப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான்.

வாவிக்கரைத் தெருவில் ஓட்டோ பறந்தது. நிஸ்றா உம்மாவின் மடியில் கிடந்தாள்.

"உம்மா, எங்க நீங்க?"

"இங்கதான் மகள். உன்ட முகத்துக்கு நேர."

"உங்கட முகம் தெரியுதில்ல உம்மா."

 ஆசியா உம்மாவுக்கு ஓதத் தெரிந்த துஆ ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆசுபத்திரியில் பிறசர் பார்த்த தாதி அப்படியே டொக்டரைக் கூப்பிட ஓடினார். வலிப்பு வராமல் ஊசி போடவேண்டும், பிள்ளையை இப்போதே எடுக்கவேண்டும் என்றார்கள். "நோன்பு பிடிச்சவவா?" என்று கேட்டார்கள். ஒழுங்கையையே அடக்குகிற வாய் "ஓம்" என்பதற்குள் திக்கிப்போனது. கதவு மூடியது.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஆசியா உம்மாவுக்கு யாரோ தேத்தண்ணி நீட்டினார்கள். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. றிஷாட்டுக்கு என்ன சொல்வது, மகளை மையித்தாக எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று மனம் தன் பாட்டில் ஓடியது. அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக மூச்சு விட்டது. அதைக் காட்டியபோதும் "என்ட மகள்?" என்றுதான் கேட்டார்.

"பெத்த பிறகும் பிறசர் ஏறும் உம்மா. இன்னும் ரெண்டு மூணு நாள் பயம்தான்" என்றார் டொக்டர்.

விடிந்த பிறகு உள்ளே விட்டார்கள். நிஸ்றா வீங்கிய இமைகளைத் திறந்தாள். பார்வை எங்கெங்கோ போய்விட்டு உம்மாவில் வந்து நின்றது.

"அபாயாவ மறுபக்கமாப் போட்டிருக்கீங்க உம்மா. தையல் தெரியுது."

ஆசியா உம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு மகள்" என்றார்.