மூன்று நொடிச் செய்தி

வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி, சந்தேகம் வந்து திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவள் மூன்றாவது தடவையும் ஏறுகிற ரகம். "பூட்டுக்கு மட்டும் வாய் இருந்தா உன்னை நல்லாத் திட்டும்" என்பான் அவள் கணவன். வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் "இன்னொருதடவை". கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள், வேறென்ன செய்ய?

வேலை, ஒரு டயாலிசிஸ் நிலையத்தில். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் இடம். மெஷின் ஆறு. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு தடுப்பறையில் ஒரு கணினியும் ஒரு ஆடும் நாற்காலியும் அவளும். நோயாளிகள் தங்கள் முறையைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும் இணையதளம் அவள் கையால் எழுதியது.

அதில் ஒரு குறை. பட்டனை அழுத்தினால் அதே பக்கம் மறுபடி வந்து நிற்கும். பதிவானதா, இல்லையா, ஒன்றும் சொல்லாது. ஆட்கள் நாலைந்து முறை அழுத்திவிட்டு, போதாதென்று போனும் செய்வார்கள். போனை எடுத்து எடுத்து நொந்துபோன வரவேற்பு மேசை அக்கா ஒரு நாள் தடுப்பறைக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, உன் வெப்சைட் என்ன ஊமையா? ஆச்சுன்னா ஆச்சுன்னு சொல்லணும், ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லணும். ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடும்?"

இவளுக்கா அந்தத் தவிப்பு புரியாது? அன்றே உட்கார்ந்து எழுதினாள். பக்கத்தின் தலையில் ஒரு பட்டை வரும். பதிவானால் பச்சையில், "உங்கள் முறை பதிவாகிவிட்டது." அந்த நேரத்தை வேறு யாராவது ஒரு நொடி முந்திப் பிடித்திருந்தால் சிவப்பில், "அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. வேறு நேரம் தேர்ந்தெடுக்கவும்." ஃப்ளாஷ் மெசேஜ் என்பார்கள். ஒரே ஒரு தடவை தலையைக் காட்டும், அடுத்த பக்கத்துக்குப் போனால் இருக்காது.

படித்துவிட்டு ஆளே அழுத்தி மூடுகிற வரை பட்டை நிற்க வேண்டும் என்றுதான் அவள் முதலில் செய்திருந்தாள். மேலாளர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன இது, சுவத்துல ஒட்டின நோட்டீஸ் மாதிரி அசையாம நிக்குது? வந்தமா போனமான்னு இருக்க வேணாமா? மூணு நொடி வை, போதும்."

"இல்ல சார், படிக்காம விட்டுட்டா..."

"எல்லாரும் உன்னை மாதிரியேவா இருப்பாங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. சரி, பயந்தாங்கொள்ளி என்ற பெயராவது போகட்டும் என்று மூன்று நொடி வைத்தாள். தானே பத்து தடவை அழுத்திப் பார்த்தாள். பத்து தடவையும் மூன்று நொடிக்குள் படித்துவிட முடிந்தது. முடியாமல் என்ன? எழுதியவளே அவள்தானே! அது மட்டும் இவள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம் பார்த்து ஒரு மெஷின் பழுது. எல்லோரும் முறையைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி அறிவிப்புப் போனது. வியாழன் காலை பத்தரை மணிக்கு அக்கா டீ டம்ளரோடு வந்து, போகிற போக்கில் சொன்னாள்:

"எட்டு மணிக்கு அந்தத் தையல்காரர் வந்து, நான் பதிவு பண்ணிட்டேன்னு ஒரே சாதிப்பு. லிஸ்ட்ல பேரே இல்ல. போயிட்டு அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "பதிவு பண்ணேன்னா சொன்னாரு?"

"ஆமா. ஏதோ மேல வந்துச்சாம்."

யார் எந்த நேரத்தைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்பதையெல்லாம் கணினி தனியாகக் குறித்து வைத்திருக்கும். அதைத் திறந்தாள். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். புதன் மாலையில் சிவப்புப் பட்டை ஏழு பேருக்குப் போயிருந்தது. ஆறு பேர் உடனே வேறு நேரம் பிடித்திருந்தார்கள். ஏழாவது ஆள் திரும்ப முயலவே இல்லை. தையல்காரர்.

தலைமை நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கடைசியா செஞ்சது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை முறை மெஷின் பழுதுல போச்சு. இன்னைக்கும் விட்டா அஞ்சு நாள் ஆயிடும். அவருக்கு நெஞ்சுல தண்ணி சேரும்மா, மூச்சு திணறும். எங்க இருந்தாலும் கூட்டிட்டு வா. பன்னெண்டு மணிக்கு நாலாவது மெஷின் காலியாகுது, நான் பிடிச்சு வைக்கிறேன்."

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி, அதற்கு மறுபடி. தன் பட்டப்பெயரை அன்றைக்கு அவள் நியாயமாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தையல் கடை மூன்று தெரு தள்ளி. ஓடினாள். செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவர் மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரா? உங்க இடத்துக்குத்தானே வந்தாரு. நாலு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டுப் போனாரே." ஊசி அப்படியே நின்றது. "ஏன், அவரு அங்க வரலையா?"

"வந்தாருக்கா, வந்தாரு. நான்... நான் பாத்துச் சொல்றேன்."

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு பெஞ்சையும் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் இல்லை. மருந்துக்கடை வாசலில் இல்லை. எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ? அந்த மனைவியிடம் போய் என்ன சொல்வது? மூன்று நொடி வைத்தது நான்தான் என்றா? கண்ணில் நீர் முட்டியது. கடவுளே, அந்த மனுஷன் எங்கேயாவது உட்கார்ந்திருக்கட்டும், போதும் என்று வாய்விட்டே சொன்னாள். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

நிலையத்துக்குள் நுழையும்போது மறுபடி போன் அடித்தபடியேதான் வந்தாள். எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடை எப்போதும் கொஞ்சம் இருட்டு. அங்கே கடைசி நாற்காலியில் ஒரு சட்டைப் பை மினுக்கென்று ஒளிர்ந்தது. அவள் போனை வைத்தாள். ஒளி அணைந்தது. மறுபடி அடித்தாள். ஒளிர்ந்தது.

தையல்காரர் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் செருப்பை மீறி வீங்கியிருந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஐயா! இங்கயா இருக்கீங்க? எத்தனை தடவை போன் பண்ணேன்!"

அவர் கையால் சுவரைக் காட்டினார். கைபேசியை ஒலியின்றி வைக்கவும் என்று அங்கே எழுதி மாட்டியிருந்தது.

"போகச் சொன்னாங்கம்மா. ஆனா பேரு எங்கயாச்சும் விட்டுப் போயிருக்கும், தேடி எடுத்துக் கூப்பிடுவாங்கன்னு உக்காந்துட்டேன். நடக்கவும் முடியல."

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வரவேற்பு மேசை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே நாலாவது மெஷினில் அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர் மனைவிக்குப் போன் செய்து சொன்ன பிறகுதான் இவளுக்கு உயிர் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அறுந்த செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, நேத்து சாயங்காலம் பதிவு பண்ணும்போது மேல ஒண்ணு வந்துச்சுல்ல? அதுல என்ன இருந்துச்சு?"

"செவப்பா ஏதோ வந்துச்சும்மா. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'அந்த நேரம்' வரைக்கும் வந்தேன், அதுக்குள்ள போயிடுச்சு."

"அது உங்களுக்கு இடம் இல்லைன்னு சொன்னதுய்யா. அவ்வளவு சீக்கிரம் போற மாதிரி வச்சது நான்தான்."

அவர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

"அப்படியா? நான் நல்ல சேதின்னு நெனைச்சுட்டேம்மா. கெட்ட சேதின்னா கொஞ்ச நேரம் நின்னு சொல்லுவாங்கல்ல?"