பூன் லே தொட்டியிலிருந்து போன ஆகாயத்தாமரை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்றாவது நாள். பூன் லேயில் என் தங்கை வசந்தாவின் வீடு ஒன்பதாவது மாடி. வாசல் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் கப்பி மீன்கள், மேலே மூன்று ஆகாயத்தாமரைச் செடிகள். எங்கள் ஊர் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் சனியனை இவள் ஆசையாக வளர்க்கிறாளே என்று சிரித்தேன்.

“சிரிக்காதீங்கக்கா. ஃபில்டரே வேணாம்லா, அழுக்கெல்லாம் வேர் இழுத்துக்கும்” என்றாள். தண்ணீர் உண்மையிலேயே தெளிவாக இருந்தது. அவள் கணவர் செல்வம் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த செடியாம். ஒரு நீர்த்தேக்கத்தில் படகில் போய் இந்தச் செடிகளை அள்ளுவதுதான் அவர் வேலை.

ஒன்பதரைக்கு ரயில். ஊட்ரம் பார்க்கில் மாறி லிட்டில் இந்தியா போக ஐம்பது நிமிடம். சிராங்கூன் ரோட்டில் மல்லிகைச் சரம் மூன்று வெள்ளி; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நம்மூர் விலையை நினைத்தால் பூ வைக்கவே மனம் வராது. அங்கேயே சாப்பாடு கட்டிக்கொண்டு, நான் அடம்பிடித்ததால், செல்வத்தைப் பார்க்கப் போனோம்.

ஒன்றரை மணிக்கு நீர்த்தேக்கக் கரையில் நின்றோம். தண்ணீரே தெரியவில்லை. கரையோரம் முழுக்கப் பச்சை, நடுநடுவே ஊதாப் பூ. கொள்ளை அழகு. செல்வத்தின் படகு உள்ளே போனதும், போன வழி பின்னாலேயே மூடிக்கொண்டது.

மேற்கே வானம் கறுத்தது. இடி எச்சரிக்கைச் சங்கு ஊத, மற்ற படகுகள் கரைக்கு ஓடி வந்தன. செல்வத்தின் படகு மட்டும் நின்றுவிட்டது. அவர் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். வசந்தாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

“அக்கா, நான்தான் போட்டேன்.”

“என்னத்தடி?”

“செடி பெருகிடும். பூவோட பிடுங்கி சாமிக்கு வைப்பேன். சாமிக்கு வச்சத எப்படிக்கா குப்பைல போடறது? மஞ்சக் கயித்துல கட்டி, வெள்ளிக்கெழம தோறும் கீழ லோங்காங்ல விட்டேன். ஓடற தண்ணிதானேன்னு.”

லோங்காங் என்றால் இங்கே மழைநீர்க் கால்வாய். அது போய்ச் சேரும் இடம் எங்கள் கண்முன்னே கிடந்தது.

எதிர்க்கரையில் மின்னல் இறங்கியது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவழியாக எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. கரையேறிய செல்வம், “சாப்பாடு என்ன?” என்று மட்டும் கேட்டார்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, என் மூஞ்சில முழிக்கமாட்டாரு” என்று வசந்தா கெஞ்சினாள். மாலையில் தொட்டிச் செடிகளைப் பிடுங்கிச் செய்தித்தாளில் காயப்போட்டாள். செல்வம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை, சாங்கி விமான நிலையம். வசந்தா தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், செல்வம் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். அறுபட்ட மஞ்சள் கயிறு.

“புரொப்பெல்லர்ல சுத்தியிருந்துச்சுக்கா. அவ போடற முடிச்சு எனக்குத் தெரியாதா? செடிய வீட்டுக்குக் கொண்டு வந்ததே நான்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா. குப்பைல போடவும் மனசு வரல.”

கும்பகோணத்தில் எங்கள் வாய்க்கால் முழுக்க அதே ஊதாப் பூ. அடுத்த வெள்ளிக்கிழமை, வாடிய பூஜைப் பூக்களோடு வழக்கம்போல் பாலத்தில் போய் நின்றேன். தண்ணீரில் போடக் கை எழவில்லை. திரும்பி வந்து தென்னைக்கு அடியில் புதைத்தேன். அந்தக் கயிற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. இன்னும் என் கைப்பையிலேயே இருக்கிறது.